மார்க் ஷீட் சொல்லாததை 650 சொற்களில் சொல்வது எப்படி?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் என்னிடம், "சார், நம்ம காம்ப்ளெக்ஸில் இந்த வருஷம் நாலைந்து பிள்ளைகள் வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். எல்லோருக்கும் அந்தக் கட்டுரை விஷயத்தில்தான் தலைவலி. நீங்கள் கொஞ்சம் பேசுங்கள்" என்றார். நான் பி.காம். படித்து, ஒரு வங்கியில் முப்பத்துச் சொச்சம் வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் மனுக்களைப் படிப்பதுதான் என் தொழில். கடன் மனு, விளக்கக் கடிதம், கால அவகாசம் கேட்கும் கடிதம் என்று ஆயிரக்கணக்கில் படித்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் கடந்த சில வருடங்களாகப் பிள்ளைகள் எழுதுவதையும் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன்.

முதலில், இது நமக்கு ஏன் புதிதாகத் தெரிகிறது என்று பார்ப்போம். நம் ஊரில் பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குக் கட் ஆஃப். அதில் நீங்கள் யார் என்று எவரும் கேட்பதில்லை. வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. இந்த முறையில் ஒரு நியாயம் இருக்கிறது; சிபாரிசுக்கு அங்கே இடம் கிடையாது. ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளில் பலவும் வேறு மாதிரி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வருட மதிப்பெண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டு, கூடவே, "இதை எழுதியவர் யார், சொல்லுங்கள்" என்று ஒரு கட்டுரையும் கேட்கின்றன.

அங்கே பெரும்பாலான விண்ணப்பங்கள் 'காமன் அப்ளிகேஷன்' என்ற பொது விண்ணப்பத்தின் வழியாகப் போகின்றன. 1975-ல் 15 கல்லூரிகளோடு தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. அதன் முக்கியக் கட்டுரைக்கு அதிகபட்சம் 650 சொற்கள், குறைந்தபட்சம் 250. ஏழு தலைப்புகள் தருகிறார்கள். ஏழாவது, 'உங்களுக்குப் பிடித்த எதை வேண்டுமானாலும் எழுதலாம்' என்பது. அதனால் தலைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். என்ன சொல்லப் போகிறோம் என்பதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

நான் இன்று பேசுவது குறிப்பாக, மதிப்பெண் ஒரே சீராக இல்லாத பிள்ளைகளுக்காக. பத்தாம் வகுப்பில் 90, பதினொன்றில் 63, பன்னிரண்டில் மறுபடி 80 என்று ஏறி இறங்கி இருப்பவர்களுக்காக. ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரை மதிப்பெண்ணை அழிக்காது. 63 என்பது 63 தான். படித்த பாடங்களும் அவற்றில் வாங்கிய மதிப்பெண்ணும்தான் பெரும்பாலான கல்லூரிகளில் முதல் இடத்தில் இருக்கின்றன. கட்டுரை செய்யக்கூடியது, அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதரை நிறுத்துவது. சில சமயம் அது போதும், சில சமயம் போதாது.

எந்தக் கல்லூரியில் கட்டுரைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஊகிக்கவும் தேவையில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பல 'காமன் டேட்டா செட்' என்று ஆண்டுதோறும் ஒரு அறிக்கை வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற பகுதியைப் பாருங்கள். மதிப்பெண், தேர்வு, கட்டுரை, பரிந்துரைக் கடிதம், குணநலன் என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றும் 'மிக முக்கியம்', 'முக்கியம்', 'கவனிக்கப்படும்', 'கவனிக்கப்படாது' என்று நான்கு கட்டங்களில் டிக் அடித்திருப்பார்கள். மதிப்பெண் ஏறி இறங்கிய பிள்ளை, கட்டுரைக்கு 'மிக முக்கியம்' என்று டிக் போட்ட கல்லூரிகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும். கல்லூரியின் பெயரையும் அறிக்கையின் பெயரையும் கூகுளில் போட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும், செலவில்லை.

இப்போது என் வங்கிக்கு வாருங்கள். வீட்டுக் கடன் கேட்டு ஒருவர் வருகிறார். பாஸ்புக்கைப் புரட்டினால் நடுவில் ஐந்து மாதம் சம்பளம் வரவில்லை. விளக்கம் எழுதிக் கொடுங்கள் என்போம். ஒருவர் இரண்டு பக்கம் எழுதுவார்: கம்பெனியின் துரோகம், மேலாளரின் வஞ்சம், குடும்பத்தின் கண்ணீர். இன்னொருவர் ஐந்து வரி எழுதுவார்: இன்ன தேதியில் கம்பெனி மூடியது, இன்ன தேதியில் புதிய வேலையில் சேர்ந்தேன், அதிலிருந்து சம்பளம் தவறாமல் வருகிறது, கடிதம் இணைத்திருக்கிறேன். இரண்டு பேர் மேலும் எங்களுக்குப் பரிதாபம் உண்டு. ஆனால் மேலதிகாரிக்குக் குறிப்பு எழுத எங்களுக்கு உதவியது இரண்டாவது கடிதம்தான். படிப்பவர் அடுத்தவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதற்கு ஏற்ற வரிகளை நாம் கொடுக்க வேண்டும்.

மதிப்பெண் விஷயமும் இப்படித்தான். இங்கேதான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். குறைந்த மதிப்பெண்ணுக்கு விளக்கம் வேறு, கட்டுரை வேறு. காமன் அப்ளிகேஷனில் 'சவால்களும் சூழ்நிலைகளும்' என்று 250 சொற்களுக்கு ஒரு தனிப் பெட்டி இருக்கிறது. 'கூடுதல் தகவல்' என்று 300 சொற்களுக்கு இன்னொரு பெட்டி இருக்கிறது. விளக்கத்தை அங்கே வையுங்கள். அந்த 650 சொற்களை அதற்குச் செலவழிக்காதீர்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண், நம் காம்ப்ளெக்ஸ் அல்ல. அவளும் அவள் பாட்டியும் சம்மதித்த பிறகே சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் 89 சதவீதம், பதினொன்றில் 63. காரணம், பாட்டிக்கு டயாலிசிஸ். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிறவர்கள். வாரத்தில் இரண்டு நாள் மதியம் இவள் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு, பாட்டியை ஆட்டோவில் அழைத்துப் போய், நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்து கூட்டி வருவாள்.

அவள் கொண்டுவந்த முதல் கட்டுரை, 'சிறு வயது முதலே எனக்குப் பொருளாதாரத்தில் தீராத ஆர்வம்' என்று தொடங்கியது. பாட்டியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கேட்டால், "அப்பா வேண்டாம்னுட்டார், தாத்தா. வீட்டு விஷயத்தை வெளியே எழுதக் கூடாதாம்" என்றாள். அப்பா சொன்னதில் தப்பில்லை. நம் வீடுகளில் நோயையும் கடனையும் வெளியே சொல்வதில்லை. ஆனால் அந்த 63-க்குக் காரணம் எழுதாவிட்டால், படிப்பவர் தானாக ஒரு காரணத்தை எழுதிக்கொள்வார்: 'கடினமான பாடம் வந்ததும் இந்தப் பெண் தடுமாறிவிட்டாள்' என்று.

கடைசியில் பாட்டியிடமே கேட்டார்கள். பாட்டி சொன்னது: "ஆபீஸ் பேப்பர்ல என் வியாதியை ரெண்டு வரி போட்டுக்கோ. கதையா எழுதறதுன்னா என் காபியை எழுது." எந்த ஆலோசகரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

விளக்கப் பெட்டியில் அவள் எழுதியதன் சாரம் இது: 'பதினொன்றாம் வகுப்பில் ஜூன் முதல் ஜனவரி வரை, வாரம் இரண்டு நாள் மதியம் என் பாட்டியை டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்றேன். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அந்த நாட்களில் மதிய வகுப்புகளான கணிதத்தையும் வேதியியலையும் தவறவிட்டேன். பிப்ரவரி முதல் என் சித்தி இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பன்னிரண்டாம் வகுப்பு முதல் பருவத் தேர்வில் கணிதத்தில் 84, வேதியியலில் 79 பெற்றேன்.'

இதில் என்ன இருக்கிறது பாருங்கள். என்ன நடந்தது, எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எந்தப் பாடத்தை எப்படிப் பாதித்தது, இப்போது எப்படி இருக்கிறது. ஐந்தே விஷயம். ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. இன்னொன்றும் செய்தாள். பள்ளியிலிருந்து போகும் அறிக்கையிலும் இதைக் குறிப்பிடும்படி முதல்வரிடம் கேட்டுக்கொண்டாள். நாம் சொல்வதையே பள்ளியும் சொன்னால் அதற்குத் தனி எடை.

இனி கட்டுரை. பாட்டி ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு திரவம் குடிக்கலாம் என்று மருத்துவர் ஒரு அளவு சொல்லியிருந்தார். பாட்டியோ மூன்று வேளைக் காபியை விடுவதாக இல்லை. இவள் டம்ளரை அளந்து பார்த்து, அதில் பாதி கொள்ளும் சின்ன டம்ளர் ஒன்றை வாங்கி வந்தாள். முதல் நாளே பாட்டி கண்டுபிடித்து, "என்னடி இது, சொப்புச் சாமானா?" என்று கேட்டுவிட்டார். ஏமாற்றுவது நடக்காது என்று தெரிந்ததும் இருவருமாக உட்கார்ந்து ஒரு நோட்டில் கணக்கு எழுதினார்கள். ரசம் எவ்வளவு, மோர் எவ்வளவு, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எவ்வளவு. கணக்கைப் பார்த்த பாட்டி தானாகவே ரசத்தையும் மோரையும் விட்டுக்கொடுத்து, காபியைக் காப்பாற்றிக்கொண்டார்.

அவள் எழுதியது இவ்வளவுதான். நோட்டில் இருந்த எண்களோடு எழுதினாள். தன் திட்டம் ஏன் தோற்றது, பாட்டியின் திட்டம் ஏன் நின்றது என்று யோசித்ததை எழுதினாள். எதை விடுவது என்பதை அந்த வரம்புக்குள் வாழ்கிறவர் தீர்மானித்தால்தான் கணக்கு நிற்கும் என்று கடைசிப் பத்தியில் வந்தது. 'தீராத ஆர்வம்' என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை. இந்தப் பெண் எதற்காகப் பொருளாதாரம் படிக்க விரும்புகிறாள் என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

எட்டு இடங்களுக்குப் போட்டாள். ஐந்து இடத்தில் இல்லை என்றார்கள், ஒரு இடத்தில் காத்திருப்புப் பட்டியல், இரண்டு இடத்தில் கிடைத்தது. அதில் உதவித்தொகை அதிகம் தந்த இடத்தில் சேர்ந்தாள். கட்டுரையால்தான் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 63-ஐப் பற்றிக் கேள்வி எழும் இடத்தில் பதில் தயாராக இருந்தது.

இதிலிருந்து நம் பிள்ளைகளுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள் சொல்கிறேன்.

ஒன்று. பள்ளியில் நமக்குக் கற்றுத்தந்த கட்டுரை முறையை மறந்துவிடுங்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் ஒரு பழமொழி, தொடக்கத்தில் அப்துல் கலாம் சொன்ன ஒரு வாசகம், இதெல்லாம் அங்கே வேண்டாம். பெரியவர்கள் சொன்னது அவர்களுக்குத் தெரியும். நீங்கள் பார்த்தது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு. ஊருக்கெல்லாம் நடந்ததை எழுதினால், அதில் உங்கள் பங்கு மட்டும் எழுதுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தது. 'வெள்ளம் வந்தது, மனிதநேயம் வென்றது' என்று நூறு பிள்ளைகள் எழுத முடியும். ஆனால் மோட்டார் ரூம் படிக்கட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, மணிக்கு எத்தனை அங்குலம் தண்ணீர் ஏறுகிறது என்று குறித்து, எப்போது மெயினை அணைக்க வேண்டும் என்று வாட்ச்மேனோடு சேர்ந்து கணக்குப் போட்ட பையன் ஒருவன் இருந்தால், அது அவன் மட்டுமே எழுதக்கூடிய கட்டுரை.

மூன்று. கஷ்டத்தைத் தேடி அலையாதீர்கள். எந்தத் துயரமும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் மதிப்பெண் குறையலாம். ஒரு வருடம் கிரிக்கெட்டே கதி என்று இருந்திருக்கலாம், பாடம் பிடிக்காமல் போயிருக்கலாம். அப்படியானால் விளக்கப் பெட்டியைக் காலியாக விட்டுவிடலாம், அது கட்டாயமில்லை. அல்லது, 'பதினொன்றில் படிக்கும் முறை சரியில்லை, இன்னது மாற்றினேன், இவ்வளவு ஏறியது' என்று மூன்று வரியில் சொல்லலாம். இல்லாத நோயை உருவாக்க வேண்டாம். எங்கள் கவுண்டரிலும் இறந்துபோன பாட்டிகள் இரண்டாவது முறை இறந்திருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாமல் இருந்ததில்லை.

நான்கு. ஆங்கிலத்தில் தொடங்க வேண்டாம். தமிழில் யாரிடமாவது சொல்லுங்கள், கைபேசியில் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டு எழுதுங்கள். அகராதியிலிருந்து பெரிய சொற்களை எடுத்து ஒட்டினால், பதினேழு வயதுக் குரல் போய்விடும். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தைத் திருத்துங்கள்.

ஐந்து. உங்கள் பெயரை மறைத்துவிட்டு, உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். 'இது நீ எழுதினதுதானே' என்று அவர் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்றால் மறுபடி உட்காருங்கள். இரண்டு மூன்று பேருக்கு மேல் காட்டாதீர்கள். ஆளாளுக்கு ஒரு வரி மாற்றினால் அது சங்கக் கூட்டத் தீர்மானம் மாதிரி ஆகிவிடும்.

ஆறு. செயற்கை நுண்ணறிவு. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அது எழுதித் தந்ததைத் தன்னுடையது என்று கொடுப்பதை மோசடி என்றே காமன் அப்ளிகேஷன் தன் விதிகளில் வைத்திருக்கிறது. 'இது என் சொந்த எழுத்து' என்று பிள்ளை கையெழுத்துப் போடுகிறது. கையெழுத்தின் மதிப்பு ஒரு வங்கிக்காரனுக்குத் தெரியும். பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்களுக்கும் இதே நியாயம்தான். பிழை திருத்தித் தருவது வேறு, எழுதித் தருவது வேறு.

எல்லா இடத்திலும் ஒரே கட்டுரை செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 350 சொற்களில் பதில் எழுத வேண்டும். இங்கிலாந்துக்கு 'யூகாஸ்' வழியாகப் போடுகிறவர்களுக்கு 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகள்: இந்தப் படிப்பு ஏன், பள்ளிப் படிப்பு இதற்கு எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4000 எழுத்துகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. அங்கே பாட்டியின் காபி அப்படியே எடுபடாது. பாடத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பொருளாதாரத்தில் என்ன படித்தாய், அதில் என்ன யோசித்தாய் என்று எழுத வேண்டும்.

காலக்கணக்கு: காமன் அப்ளிகேஷன் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1-ல் திறக்கிறது. முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி. மற்றவற்றுக்கு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான். ஆகவே கோடை விடுமுறையிலேயே முதல் வரைவை எழுதிவிடுங்கள். இரண்டு வாரம் அலமாரியில் வைத்துவிட்டு எடுத்துப் படித்தால், எது வெட்டப்பட வேண்டும் என்று தானாகத் தெரியும்.

பெற்றோருக்கும் இரண்டு வார்த்தை. பிள்ளை எழுதும்போது தோளுக்கு மேலே எட்டிப் பார்க்காதீர்கள். 'இந்த மார்க்கை வைத்துக்கொண்டு' என்று தொடங்கும் வாக்கியத்தை இந்த ஆறு மாதம் வீட்டில் யாரும் சொல்லாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. அந்தப் பெண் முதலில் என்னிடம் சொன்னது, "என்னைப் பத்தி எழுத என்ன தாத்தா இருக்கு, 63 தானே" என்பது. எட்டு மாதம் ஒரு பெரியவளைப் பொறுப்பாகக் கூட்டிப் போய்க் கூட்டி வந்த பிள்ளைக்கு, அதைத் தன் பேரில் வரவு வைக்கத் தெரியவில்லை. அந்தக் கணக்கை அவளுக்கு எடுத்துக் காட்டும் வேலை வீட்டில் உள்ளவர்களுடையது. கல்லூரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது அவளிடம் இருக்கும்.

வீட்டு விஷயத்தை எழுதுவதானால் அந்த விஷயத்துக்கு உரியவரிடம் முதலில் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேறு கதை தேடலாம். எழுத ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது என்ற பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்கு மேல் நம் நூலக அறையில் இருப்பேன். வரைவை இரண்டு பிரதி எடுத்து வாருங்கள், வரிகளுக்கு நடுவே இடம் விட்டு அச்சிட்டிருந்தால் நல்லது. நான் எழுதித் தர மாட்டேன். கேள்வி மட்டும் கேட்பேன். கட்டணம் கிடையாது, ஆனால் காபி கொண்டுவந்தால் மறுக்க மாட்டேன். டம்ளர் எந்த அளவானாலும் சரி.